மாவீரனும் அவனைப் படைத்த இருவரும்

மறைக்கல்வி வகுப்பொன்றில், "வளர்ந்தபின் யாரைப்போல் வாழ விரும்புகிறீர்கள்?" என்று சிறுவர்களைக் கேட்டோம். புனிதர்களின் பெயர்கள் சில வந்தன; கிரிக்கெட் வீரர்களின் பெயர்களும் வந்தன. கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, "சூப்பர்மேன், ஃபாதர்" என்றான். வகுப்பே சிரித்தது. காரணம் கேட்டோம். "அவனால யாரை வேணும்னாலும் அடிக்க முடியும். ஆனா கெட்டவங்களை மட்டுந்தான் அடிப்பான்" என்றான் அவன். வகுப்பு மீண்டும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 10 சென்ட் விலையில் வெளிவந்த ஒரு சித்திரக்கதையின் நாயகன், நம் பங்கின் மறைக்கல்வி வகுப்புவரை வந்து சேர்ந்தது எப்படி? எத்தனையோ நல்ல நூல்கள் மறக்கப்பட்டிருக்க, இவன் மட்டும் தலைமுறைதோறும் புதிதாகப் பிறப்பது ஏன்? விடை அவனது பறக்கும் ஆற்றலில் இல்லை. அவன் பிறந்த வரலாற்றில் இருக்கிறது.

முதலில் ஒரு தீயவன்

ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் பள்ளி நண்பர்கள். இருவரும் 1914-இல் பிறந்தவர்கள். இருவரும் கூச்ச சுபாவம் உள்ளவர்கள். ஒருவர் எழுதுவார்; மற்றவர் வரைவார். நாடெங்கும் வேலையின்மை வாட்டிய காலம் அது. 1932-இல் சீகலின் தந்தை, தம் துணிக்கடையில் திருடர்களை எதிர்கொண்ட இரவிலேயே மாரடைப்பால் உயிர்நீத்தார்.

அடுத்த ஆண்டு, தாங்களே அச்சிட்ட சிறு இதழில் அந்நண்பர்கள் ஒரு கதையை வெளியிட்டனர். இலவச ரொட்டிக்காக வரிசையில் நின்ற ஏழை ஒருவன், ஓர் அறிவியலாளரின் மருந்தினால் பேராற்றல் பெறுகிறான். உலகையே அடக்கியாள முற்படுகிறான். இறுதியில் ஆற்றலை இழந்து, பழைய ரொட்டி வரிசைக்கே திரும்புகிறான். அவனுக்கும் அவர்கள் இட்ட பெயர் சூப்பர்மேன்தான்! அந்த முதல் சூப்பர்மேனை இன்று ஆய்வாளர்களைத் தவிர யாரும் அறியார்.

அதே 1933-இல்தான் ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். மேலான இனம் மற்ற இனங்களை ஆளப் பிறந்தது என்ற நச்சுக் கருத்து அரசின் கொள்கையாயிற்று. கிளீவ்லாந்தின் இளைஞர்களோ தம் நாயகனைத் தலைகீழாகத் திருப்பினர். அடக்கியாண்ட வலிமையை எளியவரைக் காக்கும் வலிமையாக மாற்றினர். பத்திரிகைகள் பல அதை மறுத்துத் திருப்பி அனுப்பின. ஆண்டுகள் சில கடந்தபின், 1938-இல் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அது வெளிவந்தது.

அந்த முதற்கதையில் சூப்பர்மேன் செய்தவை யாவை? குற்றமற்ற ஒரு பெண்ணை மரண தண்டனையிலிருந்து மீட்கிறான்; மனைவியை அடிக்கும் கணவனைத் தண்டிக்கிறான்; அரசியல்வாதியை விலைக்கு வாங்கும் தரகனை நடுங்க வைக்கிறான். விண்ணுலக அரக்கர்கள் எல்லாம் பின்னாளில் வந்தவர்கள். முதலில் அவன் எதிர்கொண்டது, ஏழைகள் நாள்தோறும் கண்ட அநீதிகளையே.

கூடையில் வந்த குழந்தை

அழியும் கோளிலிருந்து பெற்றோர் ஒரு குழந்தையை விண்கலத்தில் ஏற்றி அனுப்ப, அயலார் அதனை எடுத்து வளர்க்கின்றனர். நாணல் கூடையில் நைல் நதியில் விடப்பட்ட மோசே நம் நினைவுக்கு வருகிறார் அல்லவா? அக்குழந்தையின் பெயர் 'கால்-எல்'. 'எல்' என்பது எபிரேயத்தில் கடவுளைக் குறிக்கும் சொல் என்பதைப் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

பகலில் அவன் கிளார்க் கென்ட்: மூக்குக்கண்ணாடி அணிந்த, எவரும் பொருட்படுத்தாத நிருபர். பள்ளியிலும் அலுவலகத்திலும் ஏளனத்துக்கு ஆளான எத்தனையோ உள்ளங்களுக்கு, 'என்னை இவர்கள் முழுமையாக அறியவில்லை' என்ற ஆறுதலை அவன் தந்தான். அவனது கவர்ச்சியின் பாதி, பறப்பவனிடம் அன்று, இந்த எளியவனிடமே இருக்கிறது.

கொடியவர்களும் அவனைப் புரிந்துகொண்டனர். 1940-இல் நாசிகளின் எஸ்.எஸ். படையினரது இதழ் சீகலை யூதர் என்று இழித்து எழுதியது. 1946-இல் வானொலித் தொடரில், கூ க்ளக்ஸ் கிளான் போன்றதொரு நிறவெறிக் கூட்டத்தைச் சூப்பர்மேன் எதிர்த்தான்.

நாம் மூட்டிய தீ

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 1948-இல் அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில், கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் வீடுவீடாகச் சென்று சித்திரக்கதை நூல்களைச் சேகரித்து எரித்தனர். கொலையையும் கொடூரத்தையும் விற்ற இதழ்கள் அன்று மிகுந்திருந்தன. பெரியோரின் கவலை வீணானதன்று. எனினும் தீ, பதரையும் மணியையும் பிரித்தறிவதில்லை. நூல்கள் எரிந்த ஜெர்மனியோடு போரிட்டு மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

130 டாலர்

இனி, இவ்வரலாற்றின் வேதனைமிகு பகுதி. 13 பக்கங்கள், பக்கத்திற்கு 10 டாலர், ஆக 130 டாலர். அத்தொகைக்குச் சூப்பர்மேன்மீது தங்களுக்கிருந்த உரிமை முழுவதையும் நண்பர்கள் இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டனர். அவர்களுக்கு வயது 23. தொடர்ந்து வரையவும் எழுதவும் ஊதியம் கிடைத்தது. ஆனால் நாயகன் அவர்களுடையவன் அல்லன். 1947-இல் வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 94 ஆயிரம் டாலருடன் வழக்கு முடிந்தது. அதன்பின் அவர்கள் பெயர்களும் இதழ்களிலிருந்து மறைந்தன. ஷூஸ்டரின் கண்பார்வை மங்கியது. சீகல் முதிர்ந்த வயதில் எழுத்தராக வேலை பார்த்தார்.

ஒப்பந்தத்தில் மனமொப்பிக் கையெழுத்திட்டார்களே, இதில் அநீதி எங்கே என்று கேட்போர் உண்டு. வறியவன் வேறு வழியின்றி இசைந்த ஒப்பந்தம், இசைந்ததனாலேயே நீதியாகிவிடாது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் குறித்து எழுதிய சுற்றுமடலில், கூலியைப் பற்றி இதனையே கற்பித்தார்.

1975-இல், சூப்பர்மேன் பெரும்பொருட்செலவில் திரைப்படமாகிறான் என்ற செய்தி கேட்டுச் சீகல் மனம் வெதும்பிப் பத்திரிகைகளுக்கு மடல் எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்சன் முதலிய ஓவியர்கள் அவர்களுக்காக வாதாடினர். அவ்வாண்டு இறுதியில் இருவருக்கும் ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலர் உதவித்தொகையும், படைத்தவர்கள் என்ற பெயரும் வழங்க நிறுவனம் இசைந்தது. 1978-இல் வெளிவந்த படத்தின் தொடக்கத்தில் அவ்விரு பெயர்களும் திரையில் ஒளிர்ந்தன. ஷூஸ்டர் 1992-இலும் சீகல் 1996-இலும் மறைந்தனர். முதல் இதழின் ஒரு பிரதி 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று!

அப்படத்தில் நாயகனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ், 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே, தண்டுவடம் முறிந்தோருக்காக 2004-இல் இறக்கும்வரை உழைத்தார். திரையில் பறந்த நாள்களைவிட அந்நாள்களிலேயே அவரைப் பலர் மாவீரராகக் கண்டனர்.

2025-இலும் சூப்பர்மேன் புதிய திரைப்படமாக வந்தான். இனியும் வருவான். வலிமை எளியவரின் பக்கம் நிற்கவேண்டும் என்ற ஏக்கம் மனித உள்ளத்தில் இருக்கும்வரை அவனுக்கு முதுமை இல்லை. ஆயினும், அநீதியைத் தட்டிக்கேட்கும் கதையை உலகமே கைதட்டி ரசித்த அந்த ஆண்டுகளில், அதனைப் படைத்த இருவருக்கு நேர்ந்த அநீதியை மிகச் சிலரே கண்டனர். நமக்கு இதுவே பாடம். நாம் வியக்கும் ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவரின் உழைப்பு உண்டு. அவர் பெயர் எழுதப்பட்டதா, கூலி கொடுக்கப்பட்டதா? நம் ஆலயத்தைக் கட்டிய கொத்தனார் தொடங்கி, நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் சகோதரி வரை கேட்கவேண்டிய கேள்வி இது.

அந்தச் சிறுவனிடம் அடுத்த வாரம் இக்கதையைச் சொன்னோம். கேட்டுவிட்டு, "அந்த ரெண்டு பேர் பேரையும் மறுபடி சொல்லுங்க, ஃபாதர்" என்றான். சொன்னோம். நோட்டில் எழுதிக்கொண்டான்.