நாணமலரும் கண்ணாடிப் பேழையும்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த கொடிக்கு மன்னன் ஒருவன் இரங்கினான் என்பது அதன் சாரம். மலாயாக் காட்டுக் கொடி ஒன்றின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. அதற்குக் கிடைத்தது தேரன்று, கண்ணாடிப் பேழை. அப்பேழையே பின்னாளில் அதன் கொழுகொம்புகள் வீழவும் வழிகோலிற்று.

இன்று 'லிப்ஸ்டிக் செடி' என வழங்கும் அக்கொடி, தீபகற்ப மலேசியா, சுமத்திரா, போர்னியோ, சாவகம் ஆகியவற்றின் காடுகளுக்கு உரியது. மரக்கிளைகளில் வேர்பற்றித் தொங்கினும் மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. மழைநீரும் பட்டையில் தங்கும் மட்குமே அதற்கு உணவு. கருஞ்சிவப்புக் குழலினின்று செந்நிற மலர் தலைநீட்டும். 1819இல் ராபிள்சுடன் சிங்கப்பூர் வந்த ஸ்காத்லாந்து மருத்துவர் வில்லியம் ஜாக், இவ்வினத்திற்கு 'ஈஸ்கினாந்தஸ்' எனப் பெயரிட்டார். நாணம், மலர் என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் 'நாணமலர்' எனலாம். 1822இல், தம் 27ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் இட்ட பெயர் அச்சேறியது 1823இல்தான்.

கொடி கடல் கடந்தது எவ்வாறு? உப்புக்காற்றும் நன்னீர்ப் பஞ்சமும் கப்பலில் செடிகளைக் கொன்றுவந்தன. 1829இல் இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, மூடிய புட்டியில் ஈரமண்ணிட்டு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை வைத்தார். அம்மண்ணில் பெரணி முளைத்தது. மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி மீண்டும் மண்ணுக்கே திரும்பும் உண்மை புலனாயிற்று. வார்டியன் பேழை இவ்வாறு பிறந்தது. 1843இல் தாமஸ் லாப் என்பவரை வீச் நாற்றுப்பண்ணையினர் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினர். அவர் சாவகத்தில் திரட்டிய நாணமலர், இங்கிலாந்தின் வெப்பமூட்டிய கண்ணாடி மனைகளில் பூத்தது. 1845இல் அந்நாட்டில் கண்ணாடி வரி நீங்கியதும் அத்தகைய மனைகள் பெருகின.

கொடியை ஏற்றிச் சென்ற பேழை, வேறொன்றைக் கிழக்கே கொணர்ந்தது. 1876இல் பிரேசில் விதைகளிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த 1,900க்கும் மேற்பட்ட ரப்பர் கன்றுகள், 38 வார்டியன் பேழைகளில் இலங்கைக்குப் பயணமாயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் மலாயாவை ஆட்கொண்டது. பெருமரங்கள் வீழ்ந்தபோது அவற்றைப் பற்றியிருந்த கொடிகளும் வீழ்ந்தன. பால்வெட்டவும் களையெடுக்கவும் தமிழர் கொணரப்பட்டனர். இந்திய அரசு 1938இல் தடைவிதிக்கும்வரை கங்காணி முறையில் அவர்கள் வரவு தொடர்ந்தது. ஜொகூரில், பத்து பகாட் மாவட்டத்து யோங் பெங் சுற்றுவட்டாரமும் இவ்வாறே தோட்டநிலமாயிற்று.

ஆங்கே நாணமலரை வளர்க்க வெப்ப மனை வேண்டுவதில்லை. தேங்காய் நார், கரித்துண்டு, மட்கிய இலை ஆகியன நிறைந்த தொங்குதொட்டியும் காலை இளவெயில் படும் முகப்பும் போதும். நீர் தேங்கினால் வேர் அழுகும். பூத்து ஓய்ந்த தண்டுகளை நறுக்கி நட்டால் புதுவேர் விடும்.

இலண்டன் சீமான்கள் பெருஞ்செலவில் பேணிய கொடி, யோங் பெங் மண்ணுக்கு அந்நியமன்று, அந்நிலத்தின் பழங்குடி. அதனைப் பள்ளி முகப்பில் தொங்கவிட்டு, அதன் வரலாற்றை மாணவர்க்கு ஆசிரியர் உரைப்பாரானால், தம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்த காரணத்தையும் அம்மாணவர் அதனோடு சேர்த்தே அறிவர். இடமிழந்த கொடிக்கு ஒரு பற்றுக்கோடு அளிப்பதும் பாரியின் மரபே அன்றோ!