நத்தம் ரோடும் புத்தக வண்டியும்

மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை 2023 ஜூலை 15-ந்தேதி திறந்தாங்க இல்லையா, அது இருப்பது புது நத்தம் ரோட்டில். நத்தத்துக்காரனான எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம், ரோட்டுக்காவது நம்ம ஊர் பேர் இருக்கே என்று :-) சரி, நூலகம் என்றாலே வாசகன்தான் பஸ் ஏறணுமா?

இதுக்கு 1931-லேயே ஒரு பதில் செய்து பார்த்துட்டாங்க. மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வு பெற்ற இன்ஜினியர், மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி கிராமம் கிராமமா அனுப்பினார். நூலகவியலின் ஐந்து விதிகளை எஸ்.ஆர். ரங்கநாதன் புத்தகமா வெளியிட்டதும் அதே வருஷம்தான். மாடு, சக்கரம், அலமாரி... புதுசா கண்டுபிடிச்சது எதுவுமே இல்லை. யார் நடக்கணும் என்பதை மட்டும் மாத்தினார். என்னைக் கேட்டால் நம்ம பக்கம் நடந்த பெரிய நூலகப் புரட்சி இதுதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-ல் இறந்த பிறகு அவர் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனா கப்பலேத்தலை. 1994-ல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கி மைக்ரோஃபிலிம் எடுத்தாங்க.

அப்புறம் வண்டி கம்பி வழியா ஓட ஆரம்பிச்சது. 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கி வைக்க, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாம இலக்கியங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தாங்க. யூனிகோட் பரவாத காலம். திஸ்கி எழுத்துரு இல்லைன்னா திரையில் வெறும் கிறுக்கல்தான்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகம் 2017-ல் வந்தது. இது வேற வழி, ஸ்கேன். பழைய அட்டை, விலை, விளம்பரம் எல்லாம் அப்படியே கிடைக்கும். ஆனா ஸ்கேன் செய்த பக்கம் கம்ப்யூட்டருக்கு வெறும் படம். அதை எழுத்தா மாத்தினால்தான் உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியும். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா-வைப் பார்த்தால் அதுக்கான மென்பொருள் சுலபமா தடுமாறும். (தட்டச்சு செய்த பிரதியில் தேடலாம், ஆனா தட்டியவர் விட்ட பிழை நம்ம கண்ணுக்குத் தெரியாது. எனக்கு ரெண்டுமே வேணும்!)

இன்னொரு விஷயம். மாட்டு வண்டிக்காரரிடம் "போன தடவை குடுத்த மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்கலாம். தேடல் பெட்டியில் தட்டுறதுக்கு புத்தகத்தோட பேரோ எழுதினவர் பேரோ முதல்லயே தெரிஞ்சிருக்கணும். எங்க ஊரில் புதுசா படிக்க ஆரம்பிக்கிற பொடியனுக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்கு இப்போதைக்கு நத்தம் ரோட்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கு. பஸ்ஸும் இருக்கு.