சொந்த வீட்டில் ஆரம்பித்த பத்திரிகைக்காரர்: ஜி.சுப்பிரமணிய ஐயர் பற்றி ஒரு திரெட்

1/ கர்ப்பிணிகள் ஓபியில் ஒரு பொண்ணு. "வயசு என்னம்மா?"ன்னு கேட்டா அவ வாயே திறக்கல. கூட வந்த அம்மா முந்திக்கிட்டு "பத்தொன்பது டாக்டர்"ன்னாங்க. பிக்மி நம்பர் போட ஆதாரை வாங்கிப் பார்த்தா 16. அடுத்து அந்தம்மா சொன்னது: "கேஸ் ஆகாம பாத்துக்கோங்க சார்." (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்திருக்கேன்.)

2/ அன்னைக்கு நைட்டு நெய்வேலி புத்தகக் கண்காட்சியில எப்பவோ வாங்கின ஒரு பழைய புத்தகத்தை எடுத்தேன். அதுல இருந்த ஒருத்தரைப் பத்திதான் இந்த திரெட். நம்ம தஞ்சாவூர் பக்கத்து ஆள். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

3/ ஜி.சுப்பிரமணிய ஐயர். 1855ல் திருவையாறில் பிறந்தவர், தொழில் வாத்தியார். 1878ல் டி.முத்துசாமி ஐயரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியா நியமிச்சாங்க. வெள்ளைக்காரங்க நடத்தின பத்திரிகைகள், ஒரு இந்தியருக்கு அந்த நாற்காலியான்னு எதிர்த்து எழுதினாங்க. பதில் சொல்ல நம்மகிட்ட ஒரு பத்திரிகை இல்ல.

4/ ஆறு இளைஞர்கள் சேர்ந்து ஒண்ணே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடிச்சாங்க. அதுதான் 'தி ஹிந்து'. 1878 செப்டம்பர் 20. ஆசிரியர் சுப்பிரமணிய ஐயர். இங்கிலீஷ் தெரிஞ்சவங்க மட்டும் படிச்சா போதாதுன்னு 1882ல் தமிழில் 'சுதேசமித்திரன்' ஆரம்பிச்சாரு. 1885ல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தைக் கொண்டு வந்ததும் இவர்தான்.

5/ அதே 1885ல் லண்டன்ல இன்னொரு பத்திரிகைக்காரர் ஊரையே கலக்கிட்டிருந்தாரு. பேர் டபிள்யூ.டி.ஸ்டெட். அப்போ இங்கிலாந்தில் ஒரு பெண்ணோட சம்மத வயது வெறும் 13. சிறுமிகளை விலைக்கு வாங்க முடியும்னு நிரூபிக்க, எலைசா ஆம்ஸ்ட்ராங்னு ஒரு 13 வயசுப் பொண்ணை 5 பவுனுக்கு 'வாங்கி' அதைத் தொடரா எழுதினாரு. ஒரே மாசத்துல சட்டம் மாறி வயது 16 ஆச்சு.

6/ இங்கதான் ஒரு டாக்டரா எனக்கு உறுத்துது. அந்தக் குழந்தை 'கன்னி'தான்னு காட்ட ஒரு மருத்துவச்சியை வெச்சு பரிசோதனை பண்ண வெச்சிருக்காங்க. அவளுக்கு என்ன நடக்குதுன்னே தெரியாது. ஸ்டெட்டுக்கு 3 மாசம் ஜெயில். நோக்கம் நல்லதுதான், ஆனா அதுக்கு விலை கொடுத்தது அடுத்த வீட்டுப் பொண்ணு. (2022ல் நம்ம உச்ச நீதிமன்றம் 'இரு விரல் பரிசோதனை' செய்யறதே முறைகேடுன்னு சொல்லிடுச்சு.)

7/ நம்ம ஐயர் என்ன பண்ணாரு? அவர் மகள் சிவப்பிரியம்மாள் சின்ன வயசிலேயே விதவை. மொட்டை, வெள்ளைப் புடவை, மூலை அறைன்னு இருந்த காலம் அது. விதவை மறுமணம் வேணும்னு எழுதிட்டிருந்த மனுஷன், 1889ல் பம்பாய் காங்கிரஸ் சமயத்துல சொந்த மகளுக்கே மறுமணம் செஞ்சு வெச்சாரு. சொந்தக்காரங்களும் சாதிக்காரங்களும் ஒதுக்கி வெச்சாங்க. அவர் பின்வாங்கல.

8/ அடுத்த சண்டை சம்மத வயது. 1890ல் கல்கத்தாவில் ஃபுல்மணி தாசின்னு ஒரு சிறுமி, வயசு பத்து பதினொண்ணுதான் இருக்கும், கணவனோட உடலுறவால ரத்தப்போக்கு ஆகி செத்துப்போனா. இந்தியாவில் வேலை பார்த்த பெண் டாக்டர்கள் தாங்க பார்த்த இப்படிப்பட்ட கேஸ்களை எழுதி வைஸ்ராய்க்கு மனு கொடுத்தாங்க. நாடு முழுக்க எதிர்ப்பு. கடைசியில் 1891ல் வயது 10லிருந்து 12 ஆச்சு. வெறும் ரெண்டு வருஷம் கூட்டறதுக்கே அவ்வளவு போராட்டம்!

9/ சீர்திருத்தம் பேசினதுக்கு ஐயர் கொடுத்த விலையும் சின்னதில்ல. பத்திரிகையில் கூட்டாளியா இருந்த வீரராகவாச்சாரியாரோட கருத்து வேறுபாடு முத்தி, 1898ல் தான் உருவாக்கின 'ஹிந்து'வையே விட்டு வெளியே வந்தாரு. 1899ல் சுதேசமித்திரனை நாளிதழாக்கினாரு. 1904ல் பாரதியை அங்க உதவி ஆசிரியரா சேர்த்தாரு. 1908ல் ராஜதுரோக வழக்கில் கைது. கடைசி காலத்துல கடுமையான தோல் நோய். 1916ல் காலமானாரு.

10/ அப்புறம் சட்டம் மெதுவா நகர்ந்துச்சு. 1929 சாரதா சட்டத்தில் பெண்ணோட திருமண வயது 14. 1978ல் 18. 2006ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2012ல் போக்சோ. ஆனாலும் தேசிய குடும்ப நல ஆய்வு-5 கணக்குப்படி இந்தியாவில் 20-24 வயசுப் பெண்களில் 23.3% பேர் 18க்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்க. தமிழ்நாட்டில் 12.8%. எட்டுல ஒருத்தி.

11/ இது வெறும் சட்டப் பிரச்சினை மட்டும் இல்ல. 16 வயசுல இடுப்பெலும்பு முழுசா வளர்ந்திருக்கணும்னு இல்ல. ரத்தசோகை, ரத்த அழுத்தம், வலிப்பு, குறைப் பிரசவம், எடை குறைஞ்ச குழந்தை, எல்லாத்துக்கும் வாய்ப்பு கூடும். படிப்பு நின்னு போறது தனி.

12/ "ஏன் சார் சொன்னீங்க, குடும்பம் கெட்டுடாதா?"ன்னு கேப்பீங்க. 18 வயசுக்குக் கீழ ஒரு கர்ப்பிணி வந்தா தகவல் சொல்றது எங்க சட்டக் கடமை. அதுக்காக சிகிச்சை நிக்காது. பேர், ஊர் வெளியே போகாது. பயந்துகிட்டு வீட்டிலேயே பிரசவம் பாக்கறதுதான் உயிருக்கே ஆபத்து. வயசு எதுவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.

13/ ஸ்டெட் அடுத்த வீட்டுப் பொண்ணை வெச்சு ஊருக்குப் பாடம் எடுத்தாரு. சுப்பிரமணிய ஐயர் தன் வீட்டுக் கதவைத் திறந்து காட்டினாரு. நம்ம எல்லாராலயும் பத்திரிகை நடத்த முடியாது. ஆனா சொந்தத்துல 17 வயசுப் பொண்ணுக்கு "நல்ல இடம், விட்டுடாதீங்க"ன்னு பேச்சு வரும்போது, "வேணாம், படிக்கட்டும்"னு சொல்ற ஒரு மாமாவாவோ அத்தையாவோ இருக்க முடியும். கேக்கலைன்னா 1098க்கு ஒரு போன் போடுங்க. 🙏