சார் குவே தியாவ்: அந்தப் புகை மணம் எங்கிருந்து வருது?

சார் குவே தியாவ் கடையில் வரிசை நகரவே மாட்டேங்குதா? "ஒரே தடவைல நாலஞ்சு தட்டு போட்டா என்ன?" என்று நீங்கள் நினைத்திருக்கலாம்.

போட்டால் அந்தப் புகை மணம் வராது. கான்டனீஸ் மொழியில் அதற்கு 'வோக் ஹேய்' என்று பெயர். குவாலியின் மூச்சு!

குவாலி நன்றாகக் காய்ந்திருந்தால் பட்டையான அரிசி நூடல்ஸின் ஈரம் சட்டென ஆவியாகும். கருப்பு சாஸின் இனிப்பு லேசாகக் கருகும். புரட்டும்போது தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் தீயில் பற்றிக்கொள்ளும். அந்த வாசம்தான் தட்டுக்கு வருது. நிறையக் கொட்டினால் சூடு இறங்கி நூடல்ஸ் குழைஞ்சிடும். வீட்டு அடுப்பிலும் அதே சிக்கல்தான்.

சிங்கப்பூரில் மஞ்சள் மீயும் சேரும், இனிப்பு தூக்கலா இருக்கும். பினாங்கில் இனிப்பு குறைவு, இறால் முக்கியம். வழக்கமான கடைகளில் பன்றிக் கொழுப்பு உண்டு. ஹலால் கடைகளில் இல்லை.

2020இல் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் கடைக்காரர்கள் பலருக்கு வயதாகிவிட்டது. அனலில் நின்று தட்டுத் தட்டாகப் புரட்டும் வேலைக்கு இளையர்கள் வருவது குறைவு.

வாங்கினால் அங்கேயே சாப்பிடுங்க. பொட்டலம் கட்டினால் ஆவியில் ஊறி, பாதி மணம் போயிடும்.