விலாசமும் பெயர்ப்பலகையும்

சிறு கடையொன்றுக்குப் பெயரிடுதலை உரிமையாளரின் தனிப்பட்ட இரசனை சார்ந்த விடயமாகவே பலரும் கருதுவர். கடன் யாரிடமிருந்து பெறப்பட்டது, வாசலுக்குள் யார் அனுமதிக்கப்பட்டனர் என்னும் இரு வினாக்களோடு இணைத்து நோக்கும்பொழுதே கடைப்பெயரின் வரலாறு துலக்கமுறும் என்பது நமது கருத்தாகும்.

நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் தொழிற்பெயர் ‘விலாசம்’ எனப்பட்டது. முன்னோர், பங்காளிகள் ஆகியோரது பெயர்களின் முதலெழுத்துகள் தொடராக நின்று அதனை அமைத்தன. (இச்சொல்லே நம்மிடையே முகவரியையும் ஒரு நாடக வகையையும் குறிக்கின்றமை சுவையானது.) அவ்வெழுத்துகள் அலங்காரமல்ல. உண்டியலில் அவற்றைக் கண்டவன், எக்குடும்பத்தின் நாணயம் அதன் பின்னே நிற்கின்றது என்பதை உடனே அறிந்தான். பிரித்தானிய வங்கிகள் சுதேசச் சிறு வணிகருக்கு நேரடியாகக் கடன்கொடுக்க முன்வராத காலத்தில், வங்கிக்கும் கடைக்காரருக்கும் இடையே பாலமாக நின்றது, கொழும்புச் செட்டியார் தெருவின் இவ்விலாசமே. 1925ஆம் ஆண்டு நெருக்கடியோடு அந்நம்பிக்கை தளர்ந்தது. 1934இல் வங்கி ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது.

குலத்தின் நாணயத்தைச் சுமந்த பெயர் இவ்வாறிருக்க, ஆளை மறைக்கும் பெயரும் முதலாளித்துவ வணிகத்துக்குத் தேவைப்பட்டது. உரிமையாளரின் உண்மைப் பெயரல்லாத வேறொரு பெயரில் தொழில் நடத்துவோர் அதனைப் பதிவுசெய்தல் வேண்டும் என 1918ஆம் ஆண்டின் வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டம் விதித்தது. பிரித்தானியாவில் 1916இல், முதலாம் உலகப் போரின் நடுவே, இத்தகைய சட்டமொன்று இயற்றப்பட்டிருந்தது. பெயரின் பின்னுள்ள முதலாளி யார் என்பதே இச்சட்டங்களின் அக்கறை. உள்ளே உழைப்பவன் யார் என்பதை எச்சட்டமும் பலகையில் எழுதக் கோரவில்லை.

உணவுக்கடைகளை நோக்குமிடத்துச் சிக்கல் வேறு வடிவம் பெறுகின்றது. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றக் கோரி, 1957இல் பெரியாரின் வழிகாட்டலில் திராவிடர் கழகத்தினர் தொடர்ந்து மறியல் செய்து சிறைசென்றனர். அங்கு சாதி பலகையிலேயே எழுதப்பட்டிருந்தது. எனவே பலகையே போராட்டக் களமாயிற்று.

யாழ்ப்பாணத்தில் நிலைமை இதனினும் நுட்பமானது. ‘சைவ’ என்னும் அடைமொழி மரக்கறி உணவையும் சமயத்தையும் ஒருங்கே உணர்த்திற்று. வெளிப்படையாக எவரையும் விலக்கவில்லை. விலக்கும் பணியைத் தேநீர்க்கடையின் வாங்குகளும் தனிக் குவளைகளும் போத்தல்களும் ஆற்றின. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியிருந்தும், 1960களின் பிற்பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்கள் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவலுக்குப் பொருளானவை இப்போராட்டங்களே. அவர்கள் எந்தக் கடையின் பெயரையும் மாற்றும்படி கேட்கவில்லை. மற்றவர் அமர்ந்த வாங்கில் அமர்ந்து, மற்றவர் குடித்த குவளையில் தேநீர் கேட்டனர்.