வீட்டில் கற்றலும் வீட்டுக்கு உழைத்தலும்: வண்ணாரப்பேட்டையை முன்னிறுத்திய தொடக்கக் கல்வி வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தொடக்க வகுப்புக் குழந்தை வாரத்தில் எவ்வளவு நேரம் பள்ளியில் இருக்க வேண்டும், எஞ்சிய நேரத்தில் வீடு அதற்கு என்ன செய்ய வேண்டும் என்னும் வினா தமிழகக் கல்வி வரலாற்றில் இரு நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து வருகின்றது. வீடு குழந்தைக்கு உதவுதல், குழந்தை வீட்டுக்கு உதவுதல் என இருவேறு பொருளில் ‘வீட்டு உதவி’ என்னும் கருத்து வழங்கி வந்துள்ளது. 1820-களின் சென்னைக் கணக்கெடுப்பு, திண்ணைப் பள்ளியின் கால ஒழுங்கு, தொழிற்சாலைச் சட்டங்கள், 1953ஆம் ஆண்டின் அரைநேரப் பள்ளித் திட்டம், அண்மைக்கால இல்லம் தேடிக் கல்வி ஆகியவற்றின் வழியாக அவ்விரு பொருள்களும் எங்கெங்கு மோதின என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: வண்ணாரப்பேட்டை, திண்ணைப் பள்ளி, வாவு, அரைநேரப் பள்ளி, எண்ணும் எழுத்தும், இல்லம் தேடிக் கல்வி.

பேட்டையின் பெயர்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் நிலைபெற்றதற்கு முதற்காரணம் துணி. நெசவாளரிடமிருந்து வாங்கிய துணியை வெளுத்தும் சாயமிட்டும் மடித்தும் கப்பலேற்ற வேண்டியிருந்தமையால், அத்தொழில் செய்வோர் கோட்டைக்கு வடக்கே குடியமர்ந்தனர். அவர்கள் இருந்த பேட்டை அவர்கள் பெயரையே பெற்றது. காலடிப்பேட்டை ஓர் ஆங்கில ஆளுநரின் பெயரைத் தாங்கி நிற்க, வண்ணாரப்பேட்டை ஒரு தொழிலின் பெயரை, அதன் வழி ஒரு சாதியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஒரு குழந்தையின் தொழில் அது பிறந்த வீட்டால் முடிவு செய்யப்பட்ட காலத்தின் அடையாளமாக இப்பெயரைக் கொள்ளலாம். தொடக்கக் கல்வியின் கால அளவு பற்றிய விவாதங்கள் எல்லாம் சுற்றிச்சுற்றி இப்புள்ளிக்கே வந்து சேர்வதால், இவ்வூரை முன்னிறுத்தி அவற்றை நோக்குதல் பொருந்தும்.

ஐந்து மடங்கு

1822ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளையும் மாணாக்கரையும் சாதிவாரியாகக் கணக்கிட்டு அனுப்புமாறு கலெக்டர்களைப் பணித்தார். விடைகள் வந்து சேர ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. அவற்றைத் தொகுத்து 1826 மார்ச் 10ஆம் நாள் மன்றோ எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்னும் இக்கணக்குப் பின்னாளில் பலராலும் எடுத்தாளப்பட்டது. தரம்பால் அவ்வறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகு அது பெரும் விவாதப் பொருளுமாயிற்று.

ஆயின் அக்குறிப்பில் சென்னை நகரைப் பற்றியதொரு செய்தி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அரசு கேட்டது பள்ளிக் கணக்கு மட்டுமே. சென்னைக் கலெக்டரோ வீட்டிலேயே கல்வி கற்ற பிள்ளைகளின் கணக்கையும் சேர்த்து அனுப்பினார். மன்றோவின் குறிப்பில் அவ்வெண் 26,903. நகரப் பள்ளிகளில் படித்தோர் தொகையைப் போல் அது ஐந்து மடங்குக்கு மேற்பட்டது. இத்தொகையில் பிழையிருக்கக்கூடும் என மன்றோவே ஐயுற்றார். எனினும் உறவினரோ தனியாசிரியரோ பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பிக்கும் வழக்கம் மாகாணத்தின் எப்பகுதியிலும் அரிதன்று என்றும் அவர் கருதினார். பிற மாவட்டங்களிலிருந்து இத்தகைய கணக்கு வராத காரணத்தால், கல்வி பெறும் ஆண்பிள்ளைகளின் விகிதத்தைப் பள்ளிக் கணக்கு காட்டுவதைவிட மிகுதியாகவே அவர் மதிப்பிட்டார்.

எண் பிழையாகவே இருப்பினும் கணக்கெடுத்தவரின் பார்வை குறிப்பிடத்தக்கது. கற்றல் நிகழும் இடமாக வீட்டையும் அவர் கண்டார். அதே வேளையில், கற்பிக்கத் தெரிந்தவர் இருந்த வீட்டிலும், தனியாசிரியரை அமர்த்த வசதி பெற்ற வீட்டிலும்தான் அக்கல்வி நிகழ்ந்திருக்க முடியும். துணி வெளுப்போர் வீட்டில் பிள்ளை கற்றது துணி வெளுத்தலை. அந்தக் கல்வியைக் கணக்கெடுக்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

திதியும் வாரமும்

திண்ணைப் பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி ஆகிய நாள்களில்தான் பாடம் நிற்கும். உவா என்னும் சொல்லின் திரிபாகிய ‘வாவு’ என்பதே விடுமுறையின் பெயர். உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் இவ்வொழுங்கை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பள்ளி விடியலில் தொடங்கி மாலை வரை நீளும்; இடையில் உணவுக்கு மட்டும் விடுதலை. வருகையைப் பதிவேடு அன்றிப் பிரம்பே ஒழுங்குபடுத்தியது. பெல்லாரிக் கலெக்டர் ஏ.டி. கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது: முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும், இரண்டாவதாக வந்தவன் கையில் சுழி, மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, பின் வருவோருக்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும்.

மணலில் விரலால் எழுதுதல், ஓலையில் எழுதுதல், எண்சுவடி மனனம் என்ற வரிசையில் பாடம் நடந்தது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்வான். எழும்பூர் ஆண்கள் அனாதைப் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல், ஒரு ‘மலபார்’ பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு வளர்த்து, 1797இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் ‘மலபாரிகள்’ என்றே வழங்கினர் என்பதை நினைவிற்கொண்டால், அவர் கண்ட பள்ளி எதுவாக இருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே திண்ணைப் பள்ளி அமைத்திருந்த பாலம் எளியது. மாலையில் பள்ளி கலையும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ விலங்கின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லியனுப்புவார். மறுநாட் காலையில் அதனை மறவாமல் சொல்ல வேண்டும். ஏடும் எழுத்தாணியும் வேண்டாத இவ்வீட்டுப் பாடத்தை எழுத்தறியாத தாயும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். காலையில் மறந்த பிள்ளைக்கு நினைவூட்டலாம். பெற்றோரின் கல்வியை முன்நிபந்தனையாக்காத வீட்டுப் பாடம் இது. பிற்காலத்தில் பலகையும் அச்சுப் புத்தகமும் வீட்டுக்குள் வந்தபோது இந்நிலை மாறிற்று. எழுதியதைத் திருத்த ஒருவர் வேண்டும். திருத்த அவருக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

1860-களின் பிற்பகுதி முதல், தேர்வு முடிவுக்கேற்ப மானியம் தரும் முறை திண்ணைப் பள்ளிகளை அரசின் பார்வைக்குள் கொணர்ந்தது. ஆய்வாளர் வருவார், வாசிப்பையும் கணக்கையும் சோதிப்பார், அதற்கேற்பப் பணம் கிடைக்கும். திதி ஒழுங்கு மெல்லத் தேய்ந்து கிழமை ஒழுங்கு வேரூன்றியது. சார்லஸ் கோவர் சென்னைத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி எழுதி 1873இல் வெளிவந்த கட்டுரை, அம்மாற்றத்தின் நடுவே நின்ற பள்ளிகளின் சித்திரமாகும்.

ஆலைச் சங்கு

வடசென்னையில் கிழமை ஒழுங்கைப் பள்ளியைக் காட்டிலும் வலுவாக நிலைநாட்டியவை தொடர்வண்டியும் துறைமுகமும் ஆலைகளும்தாம். இராயபுரம் இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. அடுத்த கால்நூற்றாண்டுக்குள் பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தன. வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளும் ஆலைக்குள் சென்றனர்.

1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்தலைத் தடுத்தது; ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலானோருக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் என்று வரம்பிட்டது. 1891இல் குறைந்த வயது ஒன்பதாகவும் வேலை நேரம் ஏழு மணியாகவும் மாறின. 1922இல் பன்னிரண்டு வயது, ஆறு மணி. இன்றைய மூன்றாம் வகுப்புக் குழந்தையின் வயதில் இருந்த ஒருவர் 1881இன் சட்டப்படி முழுமையான தொழிலாளி என்பது இவ்வெண்களை அடுக்கிப் பார்க்கும்போதே புலப்படும். இவ்விளையோருக்கு ‘அரைநேரத் தொழிலாளர்’ என்று பெயர். பெரம்பூர் ஆலைகள் அவர்களுக்கெனப் பள்ளியும் நடத்தின. வேலை போக எஞ்சிய நேரம் கல்விக்கு என்பதே அவ்வேற்பாட்டின் உள்ளீடு.

இதற்கு எதிர்த்திசையில் நகராட்சி சில அடிகள் வைத்தது. 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்விக்கு வழி திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், வடசென்னைக்காரரும் நகராட்சித் தலைவருமான பிட்டி. தியாகராயர், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கும் தீர்மானத்தை நிறைவேற்றினார். பிள்ளை பள்ளிக்கு வந்தால் வீடு இழப்பது அதன் உழைப்பை. பள்ளி தரும் உணவு அவ்விழப்பின் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்யும். தத்துவம் எதுவும் பேசாமல் அத்தீர்மானம் இதனை உணர்ந்திருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் 1950 முதல் அவர் பெயரால் ஒரு கல்லூரி இயங்கி வருகின்றது.

மூன்று மணி நேரம்

1953ஆம் ஆண்டு சி. இராஜகோபாலாச்சாரியார் அரசு அறிமுகப்படுத்திய திருத்தியமைத்த தொடக்கக் கல்வித் திட்டம் மேற்கண்ட வினாவை நேரடியாக எழுப்பியது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாக இருந்த பள்ளி மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஒரே ஆசிரியர் காலையில் ஓர் அணிக்கும் பிற்பகலில் மற்றோர் அணிக்கும் கற்பிப்பார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் உடனிருந்து உதவிக் கற்பர். கட்டடமும் ஆசிரியரும் கூட்டாமல் இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது நிர்வாகக் கணக்கு. கைத்தொழிலோடு இயைந்த கல்வி என்பது காந்தியக் கணக்கு. இரண்டும் பொய்யல்ல, பள்ளிகள் போதாமையும் பணப் பற்றாக்குறையும் உண்மையாகவே இருந்தன.

ஆயின் பெற்றோரின் தொழில் என்பது தமிழகத்தில் சாதியின் மறுபெயராக இருந்தது. எதிர்த்தோர் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றழைத்தனர். அப்பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் திருவான்மியூரில் சலவைத் தொழிலாளர் கூட்டத்தில் முதலமைச்சர், அவரவர் தொழிலைத் தொடருமாறு கூறும் கருத்துப்படப் பேசியதை எதிர்ப்பாளர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினர். பெரியார் திராவிடர் கழகத்தின் வழிப் போராட்டத்தை முன்னெடுத்தார். நான்காண்டுகளுக்கு முன் இராயபுரம் இராபின்சன் பூங்காவில் தன் முதற் பொதுக்கூட்டத்தை நடத்திய திராவிட முன்னேற்றக் கழகம், ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனையாக இதனை வைத்தது.

திட்டம் ஊரகப் பகுதிகளுக்கே உரியதாதலால் வண்ணாரப்பேட்டைப் பள்ளிகளில் மணி அடிப்பது மாறவில்லை. இருந்தும், சலவைத் தொழிலாளியின் பிள்ளை யார் ஆக வேண்டும் என்பதே விவாதத்தின் மையமாயிருந்தது. சட்டமன்றத்தில் மிக நெருக்கமான வாக்கெடுப்புக்குப் பின் பருலேகர் தலைமையில் வல்லுநர் குழு அமைந்தது. குழு பெரிதும் ஆதரவாகவே எழுதியும் பயனில்லை. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார். இரண்டாண்டுக்குப் பின் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்தது.

வல்லுநர் குழு கவனித்தது கல்வி முறையை. போராடியோர் கவனித்தது வீட்டை. எல்லா வீடும் ஒரே தன்மையதாக இருந்தால் மட்டுமே வீட்டில் கற்றல் நடுநிலையான கருத்தாக இருக்க இயலும். வழக்கறிஞரின் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் மூன்று மணி நேரமும், உவர்மண்ணும் வெள்ளாவியும் உள்ள வீட்டில் கிடைக்கும் மூன்று மணி நேரமும் கடிகாரத்தில் மட்டுமே சமம்.

மாலை ஐந்து முதல் ஏழு வரை

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 கற்பித்தல் மணிகள் என்று வரையறுத்தது. நாளுக்கு நான்கு மணி நேரம் என்பது இதன் சாரம். பெருந்தொற்றுக் காலம் இவ்வரையறையை ஒரே அடியில் செல்லாததாக்கியது. பள்ளி மூடியபோது கல்வியின் முழுப் பொறுப்பும் வீட்டின் மேல் விழுந்தது. கைப்பேசி ஒன்றே உள்ள வீட்டில் அதனை எடுத்துக்கொண்டு தந்தை வேலைக்குச் சென்றபின், முதல் வகுப்புக் குழந்தைக்குப் பள்ளியே இல்லை.

அவ்விழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பெற்றது. அதே பகுதியில் வாழும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பிப்பர். பெற்றோரால் இயலாத வீட்டு உதவியை அண்டைவீட்டுப் பெண் செய்யும் ஏற்பாடு இது. சட்டாம்பிள்ளை மரபின் தொலைதூர உறவு என்றும் கொள்ளலாம். 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வயதால் அன்றிக் கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்து, பயிற்சிநூலும் வளரறி மதிப்பீடும் கொண்டு பாடத்தை நகர்த்துவது அதன் முறை. மன்றோ காலத்து வாவுக்கணக்குப் போய், குழந்தையின் வளர்ச்சியை வாரக்கணக்கில் அளக்கும் காலம் வந்துள்ளது.

இக்காலத்திலேயே மற்றொரு சட்டமும் இயங்குகின்றது. 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைத் திருத்தச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாதென்றது. விலக்காக, பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என இசைவளித்தது. 2017ஆம் ஆண்டின் விதிகள் அவ்வுதவிக்கு எல்லை வகுத்தன: நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, மாலை ஏழு மணி முதல் காலை எட்டு மணி வரை கூடாது. பள்ளி நாளில் வீட்டுத் தொழிலுக்கு உதவச் சட்டம் விட்டுவைத்திருப்பது பெரும்பாலும் பள்ளி விட்டது முதல் ஏழு மணி வரையிலான பொழுது. இல்லம் தேடிக் கல்வி தன் வகுப்புக்குத் தேர்ந்ததும் அதே பொழுது. எம்.சி. சாலைத் துணிக்கடைகளில் மாலை வணிகம் சூடுபிடிப்பதும் அப்பொழுதுதான்.