கைமாறி வந்த மோட்டார் சைக்கிள்



முப்பத்துமூன்று ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த ஒருவன், இன்று பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அசோகரைப் பற்றியோ இராசராசனைப் பற்றியோ பேசுவதுதானே முறை என்றும் அவர்கள் எண்ணலாம். ஆயினும், அப்பணிக்காலத்தில் பதினாறு ஆண்டுகள் என்னைப் பள்ளிக்குக் கொண்டுசேர்த்தது, எனக்குமுன் பிறர் பலர் ஓட்டிக் களைத்த ஒரு வண்டியேயாகும். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு முனை இங்கிலாந்திலும் மறுமுனை திருவொற்றியூரிலும் இருக்கின்றது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்குத் தெற்கே ரெடிச் என்றோர் ஊர் உள்ளது. ஊசி செய்வதில் பெயர்பெற்ற ஊர் அது. ஊசித் தொழிலில் வேரூன்றிய நிறுவனம் ஒன்று, பின்னர் மிதிவண்டி செய்யத் தொடங்கி, 1901-ஆம் ஆண்டில் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அதுவே ராயல் என்பீல்டு. என்பீல்டு என்பது உண்மையில் துப்பாக்கித் தொழிற்சாலையால் புகழ்பெற்ற மற்றோர் ஊரின் பெயர். அத்தொடர்பினாலேயே பீரங்கி அந்நிறுவனத்தின் சின்னமாயிற்று. 1932-இல் வெளிவந்த ஒரு வண்டிக்குப் 'புல்லட்' என்று பெயரிட்டனர். துப்பாக்கிக் குண்டு என்று பொருள். நம் நாட்டுச் சாலையில் அது செல்லும் வேகத்தைக் கண்டவர், இப்பெயர் சற்று மிகை என்றே கருதுவர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வண்டி புத்துருவம் பெற்றது. பின்சக்கரம் மேலும் கீழும் அசைந்துகொடுக்கும் அமைப்பு அப்போது சேர்ந்தது. கரடுமுரடான வழிகளுக்கு இஃது ஏற்றதாயிருந்தமையால், எல்லைக் காவலுக்கு மோட்டார் சைக்கிள் தேடிய இந்திய இராணுவம் இதனைத் தெரிந்தெடுத்தது. கடல் கடந்து வண்டியாகவே வாங்குவதினும் இங்கேயே பொருத்திக்கொள்ளுதல் நலமென்று கருதி, 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெடிச் நிறுவனமும் கூடி என்பீல்டு இந்தியா என்னும் கம்பெனியை நிறுவின. தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. அனைத்தையும் துறந்த பட்டினத்தடிகள் அடங்கிய ஊரில், மனிதர் பெரிதும் ஆசைப்படும் ஒரு பொருள் உருவாகத் தொடங்கியதை எண்ணி நான் பலமுறை புன்னகை செய்ததுண்டு.

முதலில் பகுதிகள் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்தன, இங்கே பொருத்தினர். 1957-இல் வார்ப்புக் கருவிகளும் வந்துசேர்ந்தன. 1962 அளவில் எல்லாப் பகுதிகளும் இந்நாட்டிலேயே ஆயின. பிறந்த ஊராகிய ரெடிச்சில் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது; எஞ்சியிருந்த ஆங்கிலக் கிளையும் 1970-இல் ஓய்ந்தது. திருவொற்றியூரில் மட்டும் அதே வண்டி இடையறாது உருவாகிவந்தது. 1977-இல் அவ்வண்டியை இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தனர் என்பது வரலாற்றின் குறும்பு.

நிற்க. வண்டி இங்கே உண்டாயிற்று என்பதனாலேயே அஃது எல்லார்க்கும் எட்டிவிடவில்லை. 1951-ஆம் ஆண்டின் தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி, எந்தத் தொழிற்சாலை எதனைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதற்கெல்லாம் உரிமம் வேண்டியிருந்தது. தேவையோ பெருகிக்கொண்டே சென்றது. ஸ்கூட்டர் விற்பனையை 1960-இல் அரசு தனி ஆணையால் கட்டுப்படுத்த நேர்ந்தது. முன்பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தோர் அக்காலத்தில் மிகப் பலர். அதனால் ஒரு விந்தை நிகழ்ந்தது: கடையில் கிடைக்காத புதிய வண்டியின் விலையைக் காட்டிலும், உடனே கிடைக்கும் பழைய வண்டியின் விலை உயர்ந்தது. வாங்கிய மறுநாளே விற்றாலும் இலாபம். பழையது என்றால் மலிவு என்னும் இன்றைய கணக்கு அன்று செல்லவில்லை.

மைசூரில் 1961-இல் ஜாவா வெளிவரத் தொடங்கிற்று, இருநூற்றைம்பது சி.சி. திறன் கொண்ட அழகிய வண்டி. அதுவே 1973 முதல் எஸ்டி என்னும் பெயர் பூண்டது. வடக்கே பரீதாபாத்திலிருந்து நூற்றெழுபத்தைந்து சி.சி. ராஜ்தூத் வந்தது, பால்காரர்களின் வண்டி என்று பெயரெடுத்தது. நடுத்தரத் திறனுள்ள வண்டி வேண்டுவோர்க்கு இம்மூன்றே பெரும்பாலும் கதி. இவற்றுள் கைமாறிக் கைமாறி நெடுங்காலம் வாழ்ந்தது புல்லட்டே என்பது என் கருத்து. ஜாவா அன்பர்கள் என்னை மன்னிப்பார்களாக.

இதற்குக் காரணம் அதன் உடலமைப்பிலேயே உள்ளது. அதன் ஒற்றைச் சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர். குறுகி நீண்ட இவ்வமைப்பினால் எஞ்சின் நிதானமாகச் சுழலும்; ஆனால் மெதுவாகச் செல்லும்போதும் இழுவை குறையாது. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. பிஸ்டன் உராய்ந்து அது தேய்ந்தால், உட்புறத்தைச் சிறிதே கடைந்து அகலமாக்கி, அதற்கேற்பச் சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்திவிடலாம். இதனை 'போர் போடுதல்' என்பர். முதல் முறை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, அடுத்த முறை 40, அதற்கடுத்து 60. அறுபதும் தேய்ந்தால் உள்ளே புதுக் குழாய் ஒன்றைச் செருகி மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். ஆகவே பழைய புல்லட் வாங்குவோர், எந்த ஆண்டு வண்டி என்பதோடு, 'எத்தனையில் ஓடுகிறது?' என்றும் மெக்கானிக்கைக் கேட்பர். 'நாற்பதில் ஓடுகிறது' என்றால் இன்னும் ஒரு பிறவி மிச்சம் என்று பொருள்.

வேண்டிய உதிரிப் பகுதிகளுக்குச் சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலை இருந்தது. அங்கும் கிடைக்காதவை புதுப்பேட்டையில் பிரித்துக் குவித்த வண்டிகளினின்றும் கிடைத்தன. பல ஆண்டுகள் அடிப்படை வடிவம் மாறாதிருந்தமையால், ஒரு வண்டியின் பகுதி மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தியது. மாற்றமின்மையைக் குறையென்றே பலர் சொல்வர். பழைய வண்டிக்காரனுக்கு அது பெரும்பேறு.

இனி, விலை இறங்கிய கதை. 1984, 1985 ஆண்டுகளில் ஜப்பானியர் கூட்டுறவோடு நூறு சி.சி. வண்டிகள் வந்தன. ஓசூரில் சுசுகி, தாருகேடாவில் ஹோண்டா, அவற்றோடு யமஹா. எடை குறைவு, உதைத்தவுடன் கிளம்பும், பெட்ரோல் மிகச் சிறிதே குடிக்கும். புல்லட்டோ லிட்டருக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டரோடு நின்றுவிடும். கிளப்புவதற்கும் ஒரு சடங்கு உண்டு: முன்னேயுள்ள அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல மிதித்து, அழுத்தத்தைத் தளர்த்தும் சிறு பிடியை இழுத்து, மிதியைச் சற்றே கடத்தி, பிடியை விட்டபின் ஓங்கி உதைக்கவேண்டும். முறை தவறினால் மிதி திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும். அன்றியும் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. புது வண்டிகளில் அது தலைகீழ். இத்தனை தொல்லை எதற்கென்று வசதியுடையோர் பலர் புல்லட்டை விற்றனர். விலை சரிந்தது. அச்சரிவில்தான் என்போன்ற ஆசிரியர்க்கு வழி திறந்தது.

1988-இல் என் பள்ளி என் ஊரிலிருந்து 22 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. காலையில் ஒரு பேருந்து உண்டு. அதுவும் வந்தால் உண்டு. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை விழுவது வாடிக்கையாயிற்று. தாமதங்கள் சேரச்சேர விடுப்பும் கழிந்தது. ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று, 1971-இல் பதிவான புல்லட் ஒன்றை 7,500 ரூபாய்க்குப் பேசினேன். முன்பணமாக ஆயிரம் கொடுத்தும்விட்டேன்.

எங்களூர் மெக்கானிக் முதியவர். எழுதப் படிக்க அதிகம் அறியார். திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்மூடிக் கேட்டார். எண்ணெயை வடித்து உள்ளங்கையில் தேய்த்து, இரும்புத்தூள் மின்னுகிறதா என்று வெயிலில் பார்த்தார். புகையின் நிறம் நோக்கினார். சட்டத்தில் பொறித்த எண்ணைச் சாக்கட்டியால் தேய்த்துத் தெளிவாக்கி, என்னைப் படிக்கச் சொல்லி ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடச் செய்தார். பின்பு, "இரும்பில் குறையில்லை, வாத்தியாரே. காகிதத்தைத்தான் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

காகிதத்தில் குறை இருந்தது. எனக்கு விற்றவரின் பெயர் புத்தகத்தில் இல்லை. அவருக்கு விற்றவரின் பெயரும் இல்லை. முதன்முதல் வாங்கிய அதிகாரி ஒருவரின் பெயரே இருந்தது. 1979-இல் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுப் படிவம், தேதியின்றி, வண்டியோடு கைமாறி வந்துகொண்டிருந்தது. "தேதியை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் சார், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் தரகர். அவ்வாரந்தான், தேர்ச்சி அட்டையில் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டுவந்த மாணவன் ஒருவனை வெயிலில் நிறுத்தியிருந்தேன். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்த அதிகாரியின் விலாசத்தைத் தேடி அடுத்த ஊருக்குப் பேருந்தில் சென்றேன்.

அவர் இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. துணைவியார் திண்ணையில் அமர்ந்திருந்தார். வண்டி எண்ணைச் சொன்னவுடன் அவர் முகம் மாறிற்று. "மறுபடியும் யாரையாவது இடித்துவிட்டதா, தம்பி?" என்றார்.

விற்று ஈராண்டு சென்றபின், வாங்கியவர் ஓட்டிச் சென்று ஒருவரை இடித்துவிட்டாராம். காப்புறுதி காலாவதியாகியிருந்தது. அழைப்பாணை பதிவேட்டில் பெயருள்ளவருக்கே வந்தது. விற்றதற்குக் கைச்சீட்டு ஒன்றும் அவர் வாங்கி வைத்திருக்கவில்லை. ஓய்வூதியத்தோடு வந்த தொகையில் பெரும்பகுதி அவ்வழியே சென்றது. அதன்பின் கதவைத் தபால்காரர் தட்டும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்பார் என்று அம்மையார் சொன்னார்.

இஃது ஒருவர் வீட்டுக் கதை மட்டுமன்று. 1989 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மாநிலத்துக்குள் விற்றவர் பதினான்கு நாளிலும், வாங்கியவர் முப்பது நாளிலும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பலமுறை கைமாறிய ஒரு வண்டியின் வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவரதே என்று தீர்ப்புரைத்தது. பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரிகள் அங்கீகாரம் பெறவேண்டும், வண்டி அவர்களிடம் இருக்கும் காலத்துக்கு அவர்களே பொறுப்பு என்னும் விதிகள் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தன. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடும் வழக்கம் இவற்றால் ஒழிந்துவிட்டது என்று நான் நம்பவில்லை.

என் செய்தி முடிவுபெற நான்கு திங்கள் ஆயின. வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம், பெயர் மாற்றத்துக்குப் போக்குவரத்து அலுவலகம், இடையே அரையாண்டுத் தேர்வு. தரகர் வேறு ஆளுக்கு விற்றுவிடுவதாக இருமுறை அச்சுறுத்தினார். சிவப்பு மை தொடர்ந்தது. முதலில் அம்மையார் பெயருக்கும், பின்னர் என் பெயருக்கும் புத்தகம் மாறியது.

அன்றே வண்டியில் அவர் வீட்டுக்குச் சென்றேன். ஒலி கேட்டு அவர் வாயிலுக்கு வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை எடுத்துவரச் செய்து, புத்தகத்தை வாங்கி, என் பெயரையும் என் தந்தையார் பெயரையும் விலாசத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். கணவர் பெயர் இருந்த பழைய பக்கத்தைத் திருப்பி, அதன் குறுக்கே அலுவலகத்தார் கோடிட்டிருந்ததை விரலால் தடவிப் பார்த்தார். பின்பு புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "அவர் இதற்குத் தினமும் காலையில் மஞ்சள் துணி போட்டுத் துடைப்பார்" என்று சொல்லி, காப்பி கொண்டுவர உள்ளே சென்றார்.